லேப் கோழி

1. தயிர்ப் பெட்டி

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் லேபின் இன்குபேட்டரைத் திறந்தேன். உள்ளே ஒரு எவர்சில்வர் டப்பாவில் தயிர் உறைந்துகொண்டிருந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் பெட்டி அது. எப்போதும் முப்பத்தேழு டிகிரியில் நிற்கும். அந்தச் சூடு தயிருக்கும் தோதாக இருப்பதை எனக்கு முன்னால் இருந்த ஆள் கண்டுபிடித்திருந்தார். அந்த லேபில் அதுவரை நடந்திருந்த ஒரே கண்டுபிடிப்பு அதுதான் என்று பழைய ரெஜிஸ்டர்களைப் புரட்டியபோது தெரிந்தது.

ஹைதராபாத்துக்கு வடக்கே, மேட்சல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த கோழி ப்ராசஸிங் ப்ளான்ட். பெயர் வேண்டாம். காலையில் கூண்டு லாரியில் உயிரோடு வரும் கோழி, சாயங்காலம் பாக்கெட்டில் வெளியே போகும். அந்தப் பாக்கெட் சுத்தமானது என்று கையெழுத்துப் போடும் மைக்ரோபயாலஜிஸ்ட் நான். வீடு அல்வாலில். அப்பா போலாரத்தில் டிஃபென்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். கும்பகோணத்துக் குடும்பம், வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. பெண் கோழிக் கம்பெனிக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் அம்மா வாதாடவில்லை. பின்கட்டு பாத்ரூமில் எனக்கென்று தனியாக ஒரு பக்கெட்டை வைத்துவிட்டாள்.

கோழித் தொழிலில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு நாமக்கல்காரர் முன்னாலேயே போய் உட்கார்ந்திருப்பார். எங்கள் ப்ளான்டில் உட்கார்ந்திருந்தவர் ஜெனரல் மேனேஜர் நல்லசிவம். தயிரைப் பார்த்து நான் முகம் சுளித்ததும் சிரித்தார்.

"அதைய விடுங்க மேடம். தயிர்ல இருக்கறதும் கிருமிதானுங்களே. உங்க வேலை ரொம்ப லேசுங்க. தெனம் ஒரு கோழி, ஒரு ரிப்போர்ட், ஒரு கையெழுத்து."

அந்த ஒரு கோழி எது என்பதைச் சொல்ல வேண்டும். அறுத்து, இறகு பிடுங்கி, குடல் எடுத்து, கழுவிய கோழியைக் கடைசியாக சில்லர் என்ற நீளத் தொட்டியில் போடுவார்கள். ஐஸ் தண்ணீர், கிருமியைக் கொல்ல அதில் குளோரின். தினமும் காலையில் தொட்டியை நிரப்பியதும் சூப்பர்வைசர் ஊதுவத்தி கொளுத்தித் தேங்காய் உடைப்பார். புதுத் தண்ணீர், புது ஐஸ், முழு அளவு குளோரின். அதில் மிதந்து வெளியே வரும் முதல் கோழி லேபுக்கு. கோயிலில் முதல் மரியாதை மாதிரி, அதைத் தனி ட்ரேயில் ஏந்திக்கொண்டு வருவார்கள். ப்ளான்ட் முழுக்க அதற்கு லேப் கோழி என்றுதான் பெயர்.

பதினொரு மணிக்கு அதே தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும். ரத்தமும் கொழுப்பும் குடல் கழிவும் குளோரினைத் தின்று தீர்த்துவிடும். மறுபடி குளோரின் போட்டால் லைனில் நிற்பவர்களுக்குக் கண் எரியும், வேலை மெதுவாகும். ஆகவே போட மாட்டார்கள். பாக்கெட்டில் போகும் கோழியில் பெரும்பகுதி அந்த டீத் தண்ணீரில் குளித்ததுதான்.

"ஏன் சார் எப்பவும் முதல் கோழி?" என்று கேட்டேன்.

"வழக்கமுங்க."

இரண்டாம் முறை நான் கேட்கவில்லை. லேப் கோழியைப் பையில் போட்டு, சத்து நீர் ஊற்றி, ஒரு நிமிடம் குலுக்கி, அந்த நீரைச் சோதனைக்கு எடுத்துக்கொள்வேன். கோழி மிச்சம் நிற்கும். குப்பைக்குப் போக வேண்டியது. ஆனால் தினமும் பத்து மணிக்கு ஜிஎம்முடைய டிரைவர் ஒரு ஒயர் கூடையோடு வந்து நிற்பார். "சார் வீட்டுக்கு மேடம்" என்பார். நல்லசிவம் சிக்கனக்காரர் என்று நினைத்துக் கொடுத்தனுப்பினேன். என் புத்தி அன்றைக்கு அவ்வளவு தூரம்தான் போயிற்று.

ரிப்போர்ட் எப்போதும் அழகாக இருந்தது. சால்மொனெல்லா இல்லை. ஈ.கோலி வரம்புக்குள். பாக்கெட்டின் மேல் பச்சை நிறத்தில் ஒரு இலை, பக்கத்தில் "ஆன்டிபயாடிக் இல்லாதது" என்ற வரி. கோழி பாக்கெட்டில் இலைக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. வாங்குகிற கம்பெனிகளின் ஆடிட்டர்கள் வருவார்கள், என் ஃபைலைப் புரட்டுவார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், போவார்கள்.

2. டானிக்

என் ஸ்கூட்டரில் தினமும் பின்னால் உட்கார்ந்து வந்தவள் சரோஜா. குடல் எடுக்கும் லைனில் கத்தி பிடிப்பவள். போலாரத்தில் பட்டாளத்து பேரக்ஸுக்குப் பின்னால் வீடு. அவளுடைய கொள்ளுத்தாத்தா ஆற்காட்டுப் பக்கமிருந்து பட்டாளத்துக்குச் சமைக்க வந்தவராம். தமிழில் ஏதாவது கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் ஒரு மகள், டிகிரி படித்துக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை. அந்த வீடு சரோஜாவின் வலது கையால் ஓடியது.

"கோழி துன்னாத மேடம், கோழிக்கு ஜாதகம் பாக்கறீங்க," என்று வழியெல்லாம் கிண்டல் செய்வாள்.

நான் சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும், ஒரு நாள் காலையில் சில்லர் மோட்டார் பழுதாகி, லைன் தாமதமாகத்தான் ஓடியது. முதல் கோழி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கைக்குக் கிடைத்த ஒரு கோழியைக் குலுக்கினேன். மறுநாள் கிருமி வளர்க்கும் தட்டைப் பார்த்தால் எண்ண முடியாத அளவுக்குக் கிருமி. அதோடு விட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிகளுக்கு விற்கும் மருந்து டிஸ்க்குகளை ஒரு சேல்ஸ்மேன் சாம்பிளாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், அவை டிராயரில் கிடந்தன. கிருமியைத் தட்டில் பரப்பி, மேலே மருந்து தடவிய குட்டிக் காகித வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழும். கிருமிக்கு மருந்து பழகிவிட்டிருந்தால் வில்லையை ஒட்டியே கிருமி முளைத்து நிற்கும்.

பத்து வில்லை வைத்தேன். இரண்டுக்குத்தான் வளையம் விழுந்தது.

தட்டை மூடியபடியே கொண்டுபோய் நல்லசிவத்தின் மேஜையில் வைத்தேன்.

"மத்தியானக் கோழி சார். பத்து மருந்துல ரெண்டுதான் கேக்குது."

"வாங்கறவன் ஃபாரத்துல இதுக்கு ஒரு கட்டம் இருக்குதுங்களா?"

"இல்ல சார்."

"அப்பறம் எதுக்குங்க நாமளா ஒரு கட்டம் போட்டுக்கோணும்?"

பண்ணைகளிலிருந்து கோழியோடு ஒரு ரெஜிஸ்டர் வரும். அதில் மருந்து என்ற கட்டத்தில் "இல்லை" என்றும், பக்கத்துக் கட்டத்தில் லாரி ஏறிய நாள் வரைக்கும் "டானிக்" என்றும் எழுதியிருக்கும். அந்த டானிக் பாட்டிலை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்தது என்ரோஃப்ளாக்சசின். வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் நாம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைக்கு அது கூடப்பிறந்தது. அதைத் தினமும் குடிதண்ணீரில் கொஞ்சம் கலந்துவிட்டால், சாகிற கிருமி செத்துப்போய், சாகாத கிருமி மட்டும் கோழியின் குடலில் தங்கிப் பெருகும். கோழியை வெட்டுவதற்கு முன்னால் சில நாளாவது மருந்தை நிறுத்த வேண்டும் என்பது விதி.

"அது மருந்து சார்," என்றேன்.

"பேரு டானிக்குங்க மேடம். மருந்துன்னா நிறுத்தோணும். டானிக்கை எதுக்குங்க நிறுத்தோணும்?"

இந்தத் தர்க்கத்துக்கு முன்னால் எம்.எஸ்ஸி. படிப்பு என்ன செய்யும்? திரும்பி வந்தேன். ஆனால் எனக்கும் ஒரு கௌரவம் இருந்தது. நீல அட்டை போட்ட ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். புதன்கிழமை தோறும் மத்தியானக் கோழி ஒன்றைச் சோதித்து, எந்த மருந்து கேட்கிறது, எது கேட்கவில்லை என்று எழுதி வைத்தேன். கோழியை லைனிலிருந்து எனக்கு எடுத்து வந்து கொடுத்தது சரோஜா. சூப்பர்வைசர் பார்க்காமல் பக்கெட்டில் போட்டு, மேலே துணியை மூடி, பாத்திரம் கழுவப் போகிறவள் போல வருவாள்.

"இன்னா மேடம் வந்துச்சு?" என்று கேட்பாள்.

"ஒண்ணுமில்ல சரோஜா. சும்மா எழுதி வெக்கறேன்."

ஆறு வருடம் எழுதினேன். பக்கங்கள் நிறைய நிறைய எனக்குப் பெருமை. இந்த ஊழல் கூட்டத்தில் ஒருத்தியாவது உண்மையை எழுதுகிறாளே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். எழுதிய நோட்டை டிராயரில் பூட்டிவிட்டு, முதல் கோழியின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். உள்ளுக்குள் இன்னொரு தைரியமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இது கோழி தின்கிறவர்கள் பாடு, நமக்கென்ன என்ற தைரியம். நன்றாக வேகவைத்தால் அவர்களுக்கும் ஒன்றும் ஆகாது என்று சமாதானம் வேறு.

3. ஆடிட் கையுறை

தர வாரம் என்று ஒன்று வருடா வருடம் கொண்டாடுவார்கள். அந்த வருடம் வாசலில் பெரிய கோழி ரங்கோலி, அதன் கண்ணுக்குக் கருப்புத் திராட்சை. கை கழுவுவது எப்படி என்று சுவரெல்லாம் போஸ்டர். போஸ்டருக்குக் கீழே இருந்த குழாயில் தண்ணீர் வரவில்லை. கத்தி பிடிக்கும் பெண்களுக்குக் கம்பி வலைக் கையுறை உண்டு, ஸ்டோர் ரூமில் பூட்டி இருக்கும். பெட்டி மேலே மார்க்கரால் "ஆடிட்" என்று எழுதியிருக்கும். ஆடிட்டர் வரும் அன்று மாட்டுவார்கள், அவர் கார் கேட்டைத் தாண்டியதும் எண்ணி வாங்கிவிடுவார்கள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, உடைந்த எலும்பின் முனை சரோஜாவின் வலது ஆள்காட்டி விரலில் குத்தியது. லைனில் இது தினசரி நடப்பதுதான். பேண்ட் எய்ட் சுற்றிக்கொண்டு ஷிப்ட்டை முடித்தாள். மறுநாள் ஸ்கூட்டரில் ஏறும்போது விரல் வீங்கியிருந்தது.

"டாக்டர்கிட்ட போ சரோஜா."

"நக்கோ மேடம், வேணாம், இதுக்கு இன்னாத்துக்கு டாக்டரு? மெடிக்கல் ஷாப்ல மாத்திர வாங்கிகினேன். ரெண்டு நாள்ல அடங்கிடும்."

என்ன மாத்திரை என்று கேட்டேன். டானிக்கின் கூடப்பிறந்ததுதான். என் நோட்டில் ஆறு வருடமாக ஒரு புதன்கிழமைகூட வளையம் விழாத மருந்து. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். விரலில் இருப்பது அந்தக் கிருமிதான் என்று என்ன நிச்சயம், வீணாக ஏன் பயமுறுத்துவது என்று வண்டியைக் கிளப்பினேன். மறுநாள் கம்பெனி டாக்டர் அதே வகை மருந்தை ஊசியாகப் போட்டார். சனிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாப்பில் அவள் நிற்கவில்லை.

ப்ளான்ட் வாசலில் வண்டியை நிறுத்தும்போது அவள் மகள் போன் செய்தாள். தெலுங்கும் இங்கிலீஷுமாக அவள் சொன்னதன் சாரம் இது: நேற்று செகந்திராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. சீழ் மணிக்கட்டு வரை ஏறிவிட்டது. மருந்து எதுவும் பிடிக்கவில்லை. என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க சீழை கல்ச்சருக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர இன்னும் இரண்டு நாளாகும். அதற்குள் பரவினால் கையை எடுக்க வேண்டியிருக்கும். அம்மா எங்கே வேலை செய்கிறாள், எப்படிக் காயம் பட்டது என்று டாக்டர் கேட்கிறார். கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து, வீட்டில் காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

கடைசியில் தமிழில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "பயமாருக்கு."

4. ஒயர் கூடை

லேபுக்குப் போய் டிராயரைத் திறந்து நோட்டை எடுத்தேன். நான் கிளம்புவதற்குள் நல்லசிவம் வந்துவிட்டார். அவர் லேபுக்குள் வந்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. புதன்கிழமை நோட்டைப் பற்றி யாரோ அவர் காதில் எப்போதோ போட்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறீங்களாமா. நல்லதுங்க, ஆரஞ்சுப் பழம் வாங்கிக் குடுங்க. அந்த நோட்டை மட்டும் இங்க வெச்சுட்டுப் போங்க."

"அது என் நோட்டு சார்."

"கம்பெனி கோழி, கம்பெனி லேபு, அப்பறம் உங்க நோட்டா? வெளிய போனா என்ன ஆகும்னு தெரியுமுங்களா? இத்தனை ஆளுங்க வேலை போயிருமுங்க. நீங்களும் நம்ம ஜனம், உங்களுக்குச் சொல்லோணுமா? கோழியில அப்படி ஒண்ணுமில்லீங்க மேடம். உங்களுக்குத்தான் சாப்பிட்டுப் பழக்கமில்ல, அதான் பயப்படறீங்க."

அந்த நேரம் பார்த்து டிரைவர் ஒயர் கூடையோடு வாசலில் வந்து நின்றார். மணி பத்து. வழக்கம். லேப் கோழி மேஜைமேல் பையில் இருந்தது. எட்டு வருடமாக நான் அந்தக் கூடையைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சார், நான் சாப்பிடறதில்ல, சரி. நீங்க ஏன் மத்தியானக் கோழி சாப்பிடறதில்ல?"

நல்லசிவம் டிரைவரைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். காதோரம் சிவந்தது. ஊருக்கெல்லாம் டீத் தண்ணீர்க் கோழியை இலை போட்டு அனுப்புகிற மனிதர், தன் வீட்டு அடுப்புக்கு மட்டும் எட்டு வருடமாக முதல் கோழியைத் தேடி வாங்கியிருக்கிறார். மைக்ரோபயாலஜி அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது.

நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தேன். கேட்டில் செக்யூரிட்டி என் பையைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அடித்திருப்பேன், அப்படி ஒரு ஆத்திரம்.

5. புதன்கிழமைகள்

சர்ஜன் மதுரைக்காரர், சின்ன வயது, ஹைதராபாத்துக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பெயர் முத்துக்குமார். வார்டு வாசலில் நின்றபடியே நோட்டைப் புரட்டினார். முதலில் வேகமாக, பிறகு ஒவ்வொரு பக்கமாக.

"இது கோழியில வளர்ந்ததுங்க மேடம். அவங்க கையில இருக்கறதும் இதேதான்னு நான் சொல்ல முடியாது. ஆனா எத எதக் குடுத்து நாள வீணாக்கக் கூடாதுன்னு இதுல இருக்கு. இதுவரைக்கும் அதத்தான் குடுத்திருக்காங்க."

வளையம் விழுந்த இரண்டு மருந்துகளில் ஒன்றை அப்போதே தொடங்கினார்கள். மத்தியானம் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சீழை எடுத்தார்கள். திங்கட்கிழமை கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. என் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதியது போல இருந்தது. கை தப்பியது. ஆள்காட்டி விரல் தப்பவில்லை. அடிக்கணுவோடு எடுத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் கட்டிலருகே உட்கார்ந்து அழுதேன். சரோஜாதான் தேற்றினாள்.

"நக்கோ மேடம். ஒரு வெரலுதானே. மிச்சம் நாலு கீதே."

நோட்டு பக்கத்து ஸ்டூலில் கிடந்தது. அதை இடது கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, தேதி படிக்கத் தெரியும்.

"புதன்கெழம புதன்கெழம நான் எடுத்தாந்து குடுத்தேனே, அந்தக் கோழியா மேடம் இது?"

"ஆமா சரோஜா."

"எந்த மாத்திர வேல செய்யாதுன்னு இதுலதான் எழுதிகினு இருந்தீங்களா?"

"ஆமா."

அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நோட்டை மூடி ஸ்டூலில் வைத்துவிட்டு, மகளிடம் தெலுங்கில் தண்ணீர் கேட்டாள். தண்ணீர் ஜக் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

6. பிற்பாடு

டாக்டர் முத்துக்குமார் எழுதிய கடிதமும் நோட்டின் நகலும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குப் போயின. அவர்கள் வந்தார்கள். என்றைக்கு வருகிறார்கள் என்று கம்பெனிக்கு முன்னமே தெரிந்திருந்தது. அன்றைக்கு சில்லரில் நாள் முழுக்கக் காலைத் தண்ணீர்தான் ஓடியதாம். கண் எரிந்து லைனே அழுததாம். ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள், கம்பெனி ஒரு பதில் கொடுத்தது. பண்ணை ரெஜிஸ்டரில் டானிக் என்ற கட்டத்தை எடுத்துவிட்டார்கள். டானிக்கை எடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. என்னைச் சீரகம், மிளகாய்த்தூள் சோதிக்கும் வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து ஓய்வு பெற்றேன்.

சரோஜா இரண்டு மாதம் கழித்து, பேக்கிங் வேலைக்கென்று திரும்பிப் போனாள். கேட்டில் விரல் வைத்துத்தான் அட்டெண்டன்ஸ். மெஷினில் பதிந்திருந்தது அவளுடைய வலது ஆள்காட்டி விரல். வேறு விரலை வைத்தால் ஆள் யார் என்று தெரியவில்லை என்றது. ஹெச்.ஆரிடம் போனாள். புது விரலைப் பதிய ஹெட் ஆபீஸ் அனுமதி வேண்டும் என்றார்கள். மூன்று வாரம் அவள் பேக்கிங்கில் நின்று வேலை செய்தாள், ரெஜிஸ்டரில் ஆப்சென்ட் என்று விழுந்தது. அவள் விரலை எடுத்துக்கொண்ட கம்பெனிக்கு அந்த விரல் இல்லாமல் அவளைத் தெரியவில்லை. நான்காவது வாரம் அவளே நின்றுவிட்டாள். இப்போது அல்வாலில் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் வேலை. மகள்தான் போனில் பேசுவாள், அம்மா நன்றாக இருக்கிறாள் என்பாள். சரோஜா பேசுவதில்லை. என் ஸ்கூட்டரில் ஏறியதும் இல்லை.

இப்போது சில சமயம் பயிற்சி வகுப்பு என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த லேப்காரர்கள், கையில் பேனாவோடு உட்கார்ந்து, சாம்பிளுக்கு எந்தக் கோழியை எடுக்க வேண்டும் மேடம் என்று கேட்கிறார்கள். அதற்குப் புத்தகத்தில் பெரிய அட்டவணை இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது இது. உங்கள் ஜிஎம் வீட்டுக்கு எந்தக் கோழி போகிறது என்று முதலில் பாருங்கள். அதை விட்டுவிட்டு வேறு எதை வேண்டுமானாலும் எடுங்கள்.

எடுத்ததில் என்ன வந்தது என்பதை, அதை எடுத்து வந்து கொடுத்தவளிடம் அன்றைக்கே சொல்லுங்கள். நான் எழுதி மட்டும் வைத்தேன்.